பசங்க வராம இல்லைங்க, வெல்டிங் ராடு அவங்க கைக்கு வரமாட்டேங்குது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாருங்க, இந்தக் காலத்துப் பசங்களுக்கு நெருப்புக்குப் பக்கத்துல நிக்கவே தெம்பில்ல, எல்லாரும் பைக்ல சாப்பாடு டெலிவரிக்குப் போயிட்டாங்க, வெல்டிங் பட்டறைக்கு ஆளே சிக்கறதில்ல, அதனாலதான் வடக்கத்திப் பசங்கள வெச்சு ஓட்டறோம்னு. நான் பாலக்காட்டு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதா ஒரு பட்டறை வெச்சிருக்கேன். கேட்டு, கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டை மாடி மேல ட்ரஸ், அதாவது இரும்பு டியூபுல கூரை, போடறதுன்னு பொழப்பு ஓடுது. அவர் சொன்னதுல பாதி சரிதாங்க, டெலிவரிக்குப் போறாங்க, வாஸ்தவம். ஆனா ஏன் போறாங்கன்னு அவர் எழுதவே இல்ல. அத எழுதத்தான் இந்தக் கடுதாசி. கொஞ்சம் நீளமா வந்துருச்சு, இடம் பத்தலைன்னா எங்க வேணா வெட்டிக்கங்க, சட்டத்தப் பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டாம உட்டுருங்க.

பட்டறைக்கு ஒரு பையன் வர்றான்னு வைங்க. பத்தாவது பாஸோ பெயிலோ, பதினெட்டு பத்தொம்போது வயசு, அப்பாவோ மாமாவோ கூட்டிட்டு வந்து "அண்ணா, இவனுக்கு நாலு தொழில் கத்துக்குடுங்க"ன்னு உட்டுட்டுப் போறாங்க. மொத நாள்ல இருந்து அவன் என்ன பண்றான்? டீ வாங்கறான், கேபிள் சுத்தறான், மிஷினத் தூக்கி வண்டியில ஏத்தறான், மெயின் வெல்டர் போட்ட ஜாயிண்ட சிப்பிங் சுத்தியில தட்டி வெல்டு மேல படிஞ்ச கசடு எடுக்கறான், கிரைண்டர் புடிக்கறான், ரெட் ஆக்சைடு அடிக்கறான். ஒரு வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தாலும் இதையேதான் பண்ணிட்டு இருப்பான், மூணு வருஷம் கழிச்சும் கிரைண்டர்தான். ராடு புடிக்கற ஹோல்டர் அவன் கைக்கு வரவே வராது, மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்துல திருட்டுத்தனமா ரெண்டு ராடு எரிச்சுப் பாத்தாத்தான் உண்டு.

மொதலாளிமாருங்க ஏன் குடுக்கறதில்லைன்னு எனக்கு நல்லாவே தெரியும், நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தானே. மொதக் காரணம் பயம், இவனுக்குக் கத்துக்குடுத்தா நாளைக்கு எதுத்தாப்ல கடை போட்டு நம்ம கஸ்டமரையே கூப்புட்டுக்குவான்னு. ரெண்டாவது ராடு செலவு, பழகற பையன் ஒரு பாக்கெட்ட ஒரே நாள்ல காலி பண்ணிருவான், அதுல உருப்படியா ஒரு ஜாயிண்ட்கூட தேறாது. மூணாவது அவசரம், குடிபோற வீட்டுக்காரங்க கேட்ட நாளைக்கே கேப்பாங்க, அப்ப பையன உக்கார வெச்சுப் பாடம் நடத்தறதுக்கு நேரம் ஏது. இதெல்லாம் நெசமான கஷ்டந்தான், நான் மறுக்கலைங்க. ஆனா இதையெல்லாம் மறைச்சுட்டு பசங்களுக்குத் தெம்பில்லைன்னு சொல்றது நாயமில்ல.

இன்னொன்னு, எங்க பக்கம் கேரளாக் கூலி. நாட்டுலயே கூலி எச்சா இருக்கற மாநிலம் இதுதான்னு ரிசர்வ் பேங்க் கணக்கே சொல்லுது, 2022-23ல கிராமத்துக் கட்டட வேலைக்காரருக்கு தேசத்துச் சராசரி 400 ரூபாய்க்குள்ள இருந்தப்ப இங்க 850 தாண்டியிருந்துச்சு. அதனால ஹெல்பரா இருந்தாலும் கைச்செலவுக்குக் கொறையில்ல, பையன் போன் வாங்கறான், வண்டிக்கு டியூ கட்டறான், தொழில் கத்துக்கலையேங்கற வெசனம் அவனுக்கு இருபத்தஞ்சு வயசுலதான் வரும். பொண்ணு பாக்கப் போற எடத்துல மாப்ள என்ன பண்றாருன்னு கேக்கறப்போ.

தொழில்னா என்னன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியறதில்லைங்க, நெருப்பு பறக்குது, ஒட்டிக்குது, அவ்வளவுதான்னு நெனைக்கறாங்க. 3.15 எம்எம் ராட ஹோல்டர்ல மாட்டி மிஷின 110 ஆம்ஸ் கிட்ட வெச்சு மொத மொதல்ல ஒரு பையன் தகட்டுல தட்டறப்பப் பாக்கணும். தட்டுனதும் ராடு ஒட்டிக்கும், அவன் பயந்து இழுப்பான், வராது, ராடு செவசெவன்னு பழுத்துரும், பட்டுனு ஒரு ஒடி ஒடிச்சு எடுக்கணும்னு யாராவது பக்கத்துல நின்னு சொன்னாத்தான் தெரியும். அடுத்து ரொம்பத் தூக்கிப் புடிப்பான், ராடு நுனியில எரியற ஆர்க் அணைஞ்சுரும், தகடு பூரா உருண்டை உருண்டையாத் தெறிச்சுக் கிடக்கும். ராடுக்கும் தகடுக்கும் நடுவுல ராடு கம்பியோட தடிமன் அளவுதான் எடைவெளி, அதுவும் ராடு எரிஞ்சு குட்டையாகக் குட்டையாகக் கையும் கூடவே எறங்கிட்டே போகணும். இது புஸ்தகத்துல படிச்சு வராது, காதுலதான் வரும். சரியா ஓடறப்ப காஞ்ச எண்ணெயில வடகம் பொரியற மாதிரி ஒரே சீரா சத்தம் கேக்கும், அந்தச் சத்தம் ஒரு தடவ காதுல ஏறிருச்சுன்னா அப்புறம் பையனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. நல்லாப் போட்ட ஜாயிண்டுல கசடு தானா உரிஞ்சு வரும், சுத்தியில மொத்த வேண்டிய வேலையே இல்ல. மொத்த வேண்டி இருக்குதுன்னா போட்டவன் சரியில்லைன்னு அர்த்தம்.

கேட் ஃப்ரேம் ஒன்ன எடுத்துக்கங்க. நாலு ஸ்கொயர் டியூப வெட்டி மூலை மட்டம் வெச்சு ஒட்டறதுதானேன்னு தோணும். ஒரு மூலைய மட்டும் மொத்தமா வெல்டு பண்ணிட்டு அடுத்த மூலைக்குப் போனா, சூடு ஆறறப்ப இரும்பு சுருங்கி ஃப்ரேமையே ஒரு பக்கமா இழுத்துரும், மாட்டறப்ப கேட்டு தரையில இடிக்கும். அதனால நாலு மூலையிலயும் மொதல்ல டேக், அதாவது ஒரு பொட்டு வெல்டு மட்டும் வெச்சு, குறுக்கு அளவு ரெண்டும் ஒன்னா வருதான்னு டேப் புடிச்சுப் பாத்து, வரலைன்னா தட்டிச் சரி பண்ணி, அப்புறம் எதிரும் புதிருமா மூலை மாத்தி மாத்திக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். டியூபு 2 எம்எம்னா 2.5 ராடு, கரண்டக் கொறைக்கணும், இல்லைன்னா பொத்துக்கிட்டு ஓட்ட விழுந்துரும். இத ஒரு பையனுக்குச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும், கையில வர்றதுக்கு அவனுக்குக் கொறஞ்சது நாலஞ்சு ஃப்ரேம் வேணும், அந்த நாலஞ்சு ஃப்ரேமத்தான் நாங்க யாரும் தர்றதில்ல.

ஒடம்பு விஷயமும் சொல்லோணுங்க. ட்ரஸ் மேல ஏறி நிக்கறவனுக்கு ஒரு கையில டியூபு, ஒரு கையில ஹோல்டரு, மூஞ்சிய மறைக்கற ஷீல்டு புடிக்க மூணாவது கை இல்ல, அதனால கண்ண இறுக்க மூடிட்டு டேக் வெப்பான். அன்னைக்கு ஒன்னும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப் போட்ட கணக்கா எரியும், தண்ணியா ஊத்தும், அப்ப உருளைக்கெழங்கு வெட்டி வை, தாய்ப்பால் ஊத்துன்னு ஆளாளுக்கு வைத்தியம். அது அல்ட்ரா வயலட் பட்டு கண்ணு மேல்தோல் வெந்து போறது, பாதிக்கறது அஞ்சாறு மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும், கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகாம கண்டத ஊத்துனா சீழ் புடிக்கும். 10 இல்லைன்னா 11 நம்பர் கண்ணாடி போட்ட ஹெல்மெட் ஒன்னு இருந்தா இது வரவே வராது. துத்தநாகம் பூசுன ஜிஐ பைப் வெல்டு பண்ணுனா துத்தநாகப் பொகை, சாயங்காலமே குளிர்க் காய்ச்சல் அடிக்கும், பால் குடிச்சாச் சரியாப் போயிரும்னு சொல்லி அனுப்பிருவாங்க, பூச்சத் தேச்சு எடுத்துட்டுக் காத்தோட்டமா நின்னு பண்ணச் சொல்ற மேஸ்திரி கொறைவு. வெல்டிங் பொகை புத்துநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஏஜென்சி 2017லயே முடிவா சொல்லிருச்சு, இது பட்டறைப் பக்கம் எத்தன பேர் காதுக்கு வந்திருக்குன்னு நெனைக்கறீங்க. அப்புறம் மழை. ஜூன் மாசம் மழை ஆரம்பிச்சுரும், ட்ரஸ் வேலையும் அப்பத்தான் நெறைய வரும், ஏன்னா ஒழுகறப்பத்தான் வீட்டுக்காரங்களுக்கு ட்ரஸ் ஞாபகமே வருது. ஆர்க் அடிக்காம சும்மா இருக்கறப்ப ஹோல்டர்ல 70, 80 வோல்ட் நிக்கும், 80 வோல்ட்தானேன்னு அலட்சியமா ஈரக் கிளவுஸோட ராடு மாத்தறானுங்க, மேல இருந்து விழறதுக்கு அந்த ஷாக்கே போதும்.

பக்கத்து ஊர் பட்டறை ஒன்னுல ஒரு பையனுக்கு கிரைண்டர் டிஸ்க் ஒடைஞ்சு கன்னத்தக் கிழிச்சிருச்சு. டிஸ்க்க மூடற கார்டக் கழட்டிட்டு ஓட்டிட்டு இருந்திருக்கான், நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து, ஒடைஞ்ச சில்லு எப்படிப் பறக்கும்னு யோசிச்சுக்கங்க. கார்டக் கழட்டுனது யாருன்னு ஆஸ்பத்திரியில ஒரு பஞ்சாயத்து. சட்டப்படி அவனுக்கு நஷ்டஈடு உண்டுதான், ஆனா அங்க அவன் வேலை பாத்தான்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. மொதலாளி பாவப்பட்டு ஏதோ குடுத்தாரு, அதோட முடிஞ்சுது.

இப்ப அந்தத் துண்டுச் சீட்டு விஷயத்துக்கு வர்றேன். அப்ரண்டிஸ், அதாவது வேலை எடத்துலயே தொழில் பழகறவங்க, அவங்களுக்கு அப்ரண்டிஸ் சட்டம்னு ஒன்னு 1961ல இருந்தே இருக்குங்க. அப்ரண்டிஸ்னா ரயில்வேயும் திருச்சி பெல்லும் ஆள் எடுக்கறது மட்டுந்தான்னு எங்க பக்கம் எல்லாரும் நெனைச்சுட்டு இருக்காங்க. அப்படியில்ல. 30 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற எடம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கணும், மொத்த ஆளுங்கள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும். 2019ல விதிய மாத்துனப்ப 4 பேர் இருக்கற எடங்கூட விருப்பப்பட்டா எடுக்கலாம்னு வந்துருச்சு. பழகறவனுக்கு மாசா மாசம் தர்ற ஸ்டைபண்ட் அப்ப 5,000 ரூபாயில இருந்து 9,000 வரைக்கும் படிப்புக்குத் தக்கன வெச்சாங்க, அத 36 சதவீதம் ஏத்தணும்னு 2025 மே மாசம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சிலும் சிபாரிசு பண்ணியிருக்கு. 2016ல இருந்து நாப்ஸ்னு ஒரு திட்டம், ஸ்டைபண்டுல கால்வாசி, மாசம் 1,500 ரூபாய் வரைக்கும் மத்திய அரசே தருது, இப்ப அந்தப் பங்கு நேரா பையனோட பேங்க் அக்கவுண்டுக்கே போகுது. அடிபட்டா நஷ்டஈடு தர்ற பொறுப்பு மொதலாளிக்குன்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு. முடிச்சு பரீட்சை பாஸ் பண்ணுனா தேசிய அளவுல செல்லுபடியாகற சர்ட்டிபிகேட்.

அந்த சர்ட்டிபிகேட் எதுக்குன்னு கேப்பீங்க. எங்களுக்குக் கூப்புடு தூரத்துல கஞ்சிக்கோடு இருக்குது, கேரளாவுல கொச்சிக்கு அடுத்த பெரிய தொழில்பேட்டைன்னு சொல்றாங்க, பெமல்ங்கற மத்திய அரசுக் கம்பெனி இருக்கு, இரும்பு உருட்டற மில்லுங்க இருக்கு, அந்தப் பக்கம் வாளையார்ல மலபார் சிமெண்ட்ஸ். கொச்சி – பெங்களூரு தொழில் காரிடார்ல பாலக்காட்டுக்கு ஒரு தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்ட்ல மத்திய மந்திரிசபை ஒப்புதலும் குடுத்தாச்சு. பெரிய கம்பெனிக்குப் போனா மொதல்ல டெஸ்ட் பிளேட்தான் கையில குடுப்பான். ரெண்டு தகட செங்குத்தா நிறுத்தி கீழ இருந்து மேல போடு, அதுதான் 3 ஜி. போட்டதப் பட்டையா வெட்டி மடக்கிப் பாப்பாங்க, உள்ள கசடு மாட்டியிருந்தா அங்கயே விரிசல் விட்டுரும். பைப்ப 45 டிகிரி சாச்சு அசையாமக் கட்டி வெச்சு சுத்திப் போடச் சொன்னா அது 6 ஜி, அத நல்லாப் போடறவனுக்கு வளைகுடாவுல இருந்து ஆள் தேடி வருவாங்க. எங்க ட்ரஸ் பசங்க பூராம் 6013ங்கற சாதா ராடுல பழகுனவனுங்க, கனமான வேலைக்கான 7018 ராடு கையில குடுத்தா ஒட்டிட்டு நிக்கும், அந்த ராட ஓவன்ல 300 டிகிரிக்கு மேல சுட்டு ஈரம் போக்கி சூடு ஆறாமப் பொட்டியில வெச்சு ஒன்னொன்னா எடுக்கணும்னு கேட்டாலே சிரிப்பானுங்க. பத்து வருஷம் வேலை பாத்தவன் டெஸ்ட்ல தோத்துட்டு வர்றான், ஒரு வருஷம் ஐடிஐல ஒழுங்காப் படிச்சவன் உள்ள போறான். கை சுத்தத்துல பாத்தா நம்ம பையன் எளப்பமில்ல, நின்ன வாக்குல போடறதும் பைப் போடறதும் அவனுக்கு யாரும் காட்டல, அவ்வளவுதான்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். என் பட்டறையில ஒரு பையன வெச்சா என்னால கேட்டும் கிரில்லும் ட்ரஸ்ஸும் காட்ட முடியும், அதுக்கு மேல எங்கிட்ட ஒன்னுமில்ல. வேலந்தாவளம் ரோட்டுல ஒருத்தர் டிராக்டர் டிரெய்லர் பாடி கட்டறாரு, கனமான சேனலு, 8 எம்எம் தகடு, கேஸ் கட்டிங் எல்லாம் அங்க உண்டு. இன்னொருத்தர் லேத்தும் வெச்சிருக்காரு. கஞ்சிக்கோட்டுல சின்ன யூனிட் வெச்சிருக்கற ஒருத்தர்கிட்ட ராடுக்குப் பதிலா கம்பி தானா ஓடற மிக் வெல்டிங் மிஷின் ரெண்டு இருக்கு, டிராயிங் பாத்து வேலை செய்யறதும் அங்கதான். ஒரே பையன் இந்த நாலு எடத்துலயும் மாசக் கணக்குல மாறி மாறி நின்னான்னா அவன் முழுத் தொழில்காரன். இத நானா யோசிக்கல, அதே அப்ரண்டிஸ் சட்டத்துல 8வது பிரிவுலயே, பல மொதலாளிங்க ஒன்னு சேர்ந்து பயிற்சி குடுக்கலாம், நேரடியாவும் பண்ணலாம், ஒப்புதல் வாங்குன ஏஜென்சி மூலமாவும் பண்ணலாம்னு இருக்கு. என்ன மாதிரி ரெண்டு மூணு பேர வெச்சு ஓட்டறவனுக்கு இதுல எடம் இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாக்கணும். எதுத்தாப்ல கடை போட்டுருவான்ங்கற பயமும் இதுல கொறையும், நாலு பட்டறையில நின்னு கத்தவன் என் கேட்டு வேலையத்தான் புடுங்கணும்னு என்ன இருக்கு, அவன் மிக் புடிச்சுட்டு கஞ்சிக்கோட்டுக்கே போயிருவான்.

எல்லைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு தொந்தரவு இருக்குங்க. எங்க பசங்க பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிக்கறாங்க, வடகரைப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் வீட்டுல தமிழ்தான். அதுக்கப்புறம் மலம்புழா ஐடிஐக்குப் போனா கிளாஸ் மலையாளத்துல நடக்கும், பேசுனாப் புரியும், போர்டுல எழுதறதப் படிக்கத் திணறுவான். வெல்டர் ட்ரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், ஒரே வருஷந்தான், ஆனா மொழிக்குப் பயந்துட்டே பாதிப் பேர் பாரம் வாங்கறதில்ல. தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி, கோயமுத்தூர் போகலாம்னா ரேஷன் கார்டு, சாதிச் சான்று எல்லாம் கேரளாவுது, அங்க ஒரு கேள்வி இங்க ஒரு கேள்வின்னு அலைய உடறாங்க. அப்ரண்டிஸ் அறிவிப்புகளும் உங்க பேப்பரோட கோயமுத்தூர் பேஜ்ல தமிழ்நாட்டு ஜில்லாக்களுக்குத்தான் வருது, பாலக்காட்டு அறிவிப்பு மலையாளப் பேப்பர்ல வருது, எங்க வீட்டுங்கள்ல அந்தப் பேப்பர் வாங்கறதில்ல. திருச்சியில பெல் நடத்தற வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், 1975ல ஆரம்பிச்சது, வெல்டர்களுக்குப் பயிற்சியும் சர்ட்டிபிகேட்டும் தர்ற எடம், அப்படி ஒன்னு தமிழ்நாட்டுலயே இருக்குங்கறதக்கூட இங்க பட்டறைக்காரங்களே கேள்விப்பட்டதில்லைங்க.

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒன்னே ஒன்னு. பாலக்காட்டு ஐடிஐ அட்மிஷன், அப்ரண்டிஸ் அறிவிப்பு எதுவானாலும் தேதியோட உங்க பாலக்காடு பேஜ்ல தமிழ்ல ஒரு மூலையில போடுங்க, பெருசா வேண்டாம், விளம்பரம் கழிச்சு மிச்சமிருக்கற எடம் போதும்.

போன வாரம் எழுதுன அந்த வாசகருக்கும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பட்டறை வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. நாலு பேர் சேர்ந்தாப் போதும், மலம்புழா போய் அப்ரண்டிஸ் பாக்கற ஆபீஸ்ல 8வது பிரிவுல சேர்ந்து எடுக்கறதுக்கு என்ன என்ன பேப்பர் வேணும்னு கேட்டு எழுதிட்டு வந்துரலாம், இங்கிலீஷ் பாரம் நெரப்பறதுக்கு எங்க ஊர்ல டிப்ளமோ படிச்ச புள்ளைங்க இருக்குதுங்க. பசங்க பழகறதுக்கு வெட்டி மிஞ்சுன தகடு, டியூபுத் துண்டு எல்லாம் என் பட்டறைப் பின்னால கிடக்கு, காயலாங்கடைக்குப் போடாம வெச்சிருக்கேன், அத நான் தர்றேன். ராடு செலவ நாலாப் பங்கு போட்டுக்கலாம். ஹெல்மெட்டும் கிளவுஸும் மட்டும் ஆளாளுக்கு அவங்க அவங்க பட்டறையில மொத நாளே வாங்கி வெச்சுருங்க, அது பையன் வந்தப்புறம் பாத்துக்கலாம்ங்கற சாமான் இல்ல.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா.